எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி? இரண்டு பதிலையும் ஒரே சீட்டில் எழுதலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜனாதிபதித் தேர்தல் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் தமிழ்ப் பத்திரிகைகளின் கடிதப் பகுதி பிளவுபட்டுவிடுகிறது. வெல்லமாட்டார் என்று தெரிந்தாலும் எங்கள் கோரிக்கையை வாய்திறந்து சொல்பவருக்கே வாக்களிக்க வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். வெல்லக்கூடிய இருவரில் கெடுதல் குறைந்தவரைத் தெரிவுசெய்வதே புத்தி என்கிறார்கள் மறு சாரார். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று கேட்டுவிட்டு வீட்டில் இருக்கச் சொல்பவர்களும் உண்டு. மூன்று தரப்பிலும் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்று தரப்பிலும் பெரும்பாலானோர் வாக்குச்சீட்டின் பாதியைத்தான் பார்க்கிறார்கள். இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் கொள்கைக்கும் குறைந்த தீமைக்கும் இடையில் ஒன்றைக் கைவிட வேண்டிய கட்டாயம், அநேகமான சந்தர்ப்பங்களில், இல்லை. எந்தச் சந்தர்ப்பத்தில் அந்தக் கட்டாயம் வருகிறது என்பதையும் கீழே சொல்கிறோம்.

முதலில் முறையைப் பார்ப்போம். அரசியலமைப்பின் 94ஆம் உறுப்புரையின்படி, மூன்றுக்கு மேற்பட்ட வேட்பாளர்கள் போட்டியிடும்போது வாக்காளர் 1, 2, 3 என மூன்று விருப்பங்களை வரிசைப்படுத்தலாம். 1 மட்டும் இட்டாலும் செல்லும். 1க்குப் பதிலாக ஒரேயொரு புள்ளடி (X) இட்டாலும் செல்லும். முதல் எண்ணிக்கையில் 1 மட்டுமே (அல்லது தனிப் புள்ளடி மட்டுமே) எண்ணப்படும். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒருவர் பெற்றுவிட்டால் வேலை முடிந்தது. 2ஐயும் 3ஐயும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. யாருமே பாதியைத் தாண்டாவிட்டால், முதல் இரண்டு இடங்களைப் பெற்றவர்களைத் தவிர மற்ற அனைவரும் ஒரேயடியாகப் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களின் வாக்குச்சீட்டுகள் மட்டும் மீண்டும் பார்க்கப்படும். அந்தச் சீட்டில் 2 எஞ்சியிருக்கும் இருவரில் ஒருவருக்கு இடப்பட்டிருந்தால் அவருக்குச் சேரும். 2 நீக்கப்பட்ட வேறொருவருக்கு இடப்பட்டிருந்தால் 3 பார்க்கப்படும். 3உம் அவ்விருவரில் ஒருவருக்கு இல்லையென்றால், அல்லது வெறுமையாக இருந்தால், அந்தச் சீட்டு அதோடு ஓய்ந்துவிடும்.

இதில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, 2 உங்கள் 1க்கு எதிராக ஒருபோதும் வேலை செய்யாது. உங்கள் 1 உயிரோடு இருக்கும்வரை 2 திறக்கப்படுவதே இல்லை. இரண்டாவது, பிரான்ஸைப் போல இரண்டு வாரம் கழித்து மறுபடி வாக்குச்சாவடிக்கு வரும் வசதி இங்கே கிடையாது. இரண்டு சுற்றுக்குமான தீர்மானத்தை ஒரே நாளில், ஒரே சீட்டில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் இரண்டாம் சுற்றில் நீங்கள் வீட்டில் இருந்ததற்குச் சமம்.

1982 முதல் 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டார். 1988இல் 50.43 வீதம், 2005இல் 50.29 வீதம் என்று மயிரிழையில் தாண்டியதும் உண்டு. ஆகவே நாற்பது வருடத்துக்கு மேலாக 2 என்ற இலக்கத்துக்கு வேலையே வரவில்லை. மக்களும் அதை மறந்துபோனார்கள். 2024 செப்டம்பர் 21ஆம் திகதி தேர்தலில்தான் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது.

அந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். செல்லுபடியான வாக்குகள் 13,319,616. அனுர குமார திசாநாயக்க 5,634,915. சஜித் பிரேமதாச 4,363,035. மற்ற வேட்பாளர்கள் அனைவருக்கும் விழுந்தவை 3,321,666. இந்த 33 இலட்சத்துச் சொச்சம் சீட்டுகளும் மீண்டும் எடுத்துப் பார்க்கப்பட்டன. அவற்றிலிருந்து அனுரவுக்குச் சேர்ந்தவை 105,264, சஜித்துக்குச் சேர்ந்தவை 167,867. கூட்டினால் 273,131. அதாவது நூறு சீட்டுக்கு எட்டு. மீதி 3,048,535 சீட்டுகளில், எஞ்சிய இருவரில் யாரைத் தேர்ந்துகொள்கிறார்கள் என்பதற்கு எந்தப் பதிலும் இல்லை. முப்பது இலட்சம் பேர் கடைசிக் கேள்வி வரும்போது எழுந்து போய்விட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் 'இருவருமே வேண்டாம்' என்று தெரிந்து விட்டார்கள், எத்தனை பேர் அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாமல் விட்டார்கள் என்பதைச் சீட்டு சொல்லாது. தெரியாமல் விட்டவர்களே அதிகம் என்பது எங்கள் கணிப்பு.

இதன் விளைவு வென்றவரின் பலத்திலும் தெரிகிறது. இறுதியில் அனுர பெற்றது 5,740,179. எண்ணிக்கையில் நின்ற இருவருக்கிடையில் இது 55.89 வீதம், மொத்தச் செல்லுபடியான வாக்கில் 43.1 வீதம் மட்டுமே. நாட்டின் பாதிப்பேரின் ஏதோ ஒரு விருப்பத்தையாவது பெற்றவரே ஜனாதிபதியாக வேண்டும் என்ற நோக்கத்தில் எழுதப்பட்ட விதி, இலக்கம் இடப்படாததால் அந்த நோக்கத்தை எட்டவில்லை.

இனித் தமிழ் வாக்காளர்களுக்கு வருவோம். தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற பா. அரியநேத்திரன் 226,343 வாக்குகள் பெற்றார். யாழ்ப்பாணம் தேர்தல் மாவட்டத்தில் சஜித் பிரேமதாச 121,177, அரியநேத்திரன் 116,688, ரணில் விக்கிரமசிங்க 84,558 என்று வாக்குகள் பிரிந்தன. இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தீர்மானம் சஜித்துக்கு ஆதரவு என்றது. பொது வேட்பாளரை நிறுத்தியவர்கள் சங்கு என்றார்கள். தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி பகிஷ்கரிப்பு என்றது. ஒரே வீட்டில் தகப்பன் ஒரு பக்கம், மகள் மறுபக்கம். சீட்டில் 1 சங்கு, 2 சஜித்தின் சின்னமான தொலைபேசி என்று இட இடமிருக்கையில் இந்தப் பிளவில் பெரும்பகுதி தேவையற்றது.

'சங்குக்குப் போட்டுவிட்டு ஒரு சிங்கள வேட்பாளருக்கு 2 போட்டால் கொள்கை மங்கிவிடும்' என்ற வாதம் அடிக்கடி வருகிறது. வாதத்தின் பின்னால் இருக்கும் மானவுணர்வை மதிக்கிறோம். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. தொகுதிவாரியாகவும் மாவட்டவாரியாகவும் முதல் எண்ணிக்கை முடிவு 1ஐ மட்டும் வைத்தே வெளியாகிறது. அந்த 226,343 பேரும் 2 இட்டிருந்தாலும் சங்கின் தொகை 226,343ஆகவே இருந்திருக்கும். ஒரு வாக்குக்கூடக் குறைந்திராது. இராஜதந்திரிகள் பார்ப்பதும், பத்திரிகைகள் அச்சிடுவதும், வரலாற்றில் நிற்பதும் அந்தத் தொகைதான்.

2010ஐ நினைத்துப் பாருங்கள். போர் முடிந்து எட்டு மாதம். அந்தப் போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கு வாக்களிக்குமாறு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு கேட்டது. யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அவருக்கே இட்டார்கள். குறைந்த தீமை என்ற சொல்லுக்கு அதைவிடக் கசப்பான உதாரணம் எங்கள் மண்ணில் இல்லை. அதே சீட்டில் எம்.கே. சிவாஜிலிங்கம் இருந்தார், நாடு முழுவதிலும் அவருக்குக் கிடைத்தவை 9,662. முதலாவதைத் தமிழ் வேட்பாளருக்கும் இரண்டாவதைப் பொன்சேகாவுக்கும் இடுங்கள் என்று அன்று கேட்டிருந்தால் எதை இழந்திருப்போம்? மகிந்த ராஜபக்ஷ 57.88 வீதத்தோடு முதல் எண்ணிக்கையிலேயே வென்றார். பொன்சேகாவுக்கு நேரடியாக இட்ட வாக்கு எதையும் தடுக்கவில்லை. மிஞ்சியது, தமிழர் அவரை ஏற்றுக்கொண்டார்கள் என்று படிக்கக்கூடிய ஒரு பதிவு மட்டுமே.

ஆனால் இந்த முறையில் ஒரு பொறி இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் நாங்களும் மேடைப் பேச்சாளர்கள் ஆகிவிடுவோம். கெடுதல் குறைந்தவர் என்று நீங்கள் நினைப்பவர் முதல் எண்ணிக்கையில் முதலாம் அல்லது இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும். நீங்களும் உங்களைப் போன்றவர்களும் 1ஐ வேறொருவருக்கு இட்டதால் அவர் மூன்றாம் இடத்துக்கு நழுவினால், உங்கள் 2 போய்ச் சேர ஆள் இருக்காது. ஆகவே பார்க்க வேண்டியது முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையிலான போட்டியை அல்ல. இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடையிலான தூரத்தை. 2024இல் சஜித்துக்கும் ரணிலுக்கும் இடையில் இருந்த தூரம் 2,063,268. அந்த நிலையில் 1ஐக் கொள்கைக்கு இடுவதில் ஆபத்து எதுவும் இருக்கவில்லை. அந்தத் தூரம் ஒரு இலட்சம், இரண்டு இலட்சம் என்று சுருங்கும் என்று தோன்றினால் மட்டுமே 1ஐப் பற்றிய உண்மையான மனப்போராட்டம் வருகிறது. அந்த நிலையில் எங்களிடமும் இலகுவான பதில் இல்லை.

2ஐயும் 3ஐயும் எப்படிப் பயன்படுத்துவது? பலரும் தவறுவது இங்கேதான். வெல்லக்கூடியவர்கள் இருவர் மட்டும் என்றால் 1 கொள்கைக்கு, 2 இருவரில் தாங்கக்கூடியவருக்கு. 3ஐ மற்றவருக்கு இடுவதில் பயனும் இல்லை, தீங்கும் இல்லை. இருவரும் நிற்கையில் 2 எண்ணப்படும், 3 திறக்கப்படாது. வெல்லக்கூடியவர்கள் மூவர் என்றால், 2024 அப்படித்தான் இருந்தது, அந்த மூவரில் உங்களுக்கு அறவே ஆகாதவரை வெறுமையாக விட்டு, மற்ற இருவருக்கும் 2ஐயும் 3ஐயும் உங்கள் வரிசைப்படி இடுங்கள். மூவரில் எந்த இருவர் இறுதிக்குப் போனாலும், நீங்கள் இலக்கமிட்ட இருவரில் ஒருவராவது அங்கே நிற்பார். உங்கள் சீட்டு ஓயாது. இருவருமே இறுதிக்குப் போனால் நீங்கள் 2 இட்டவருக்குச் சேரும்.

செய்யக்கூடாதது: 1 ஒரு தமிழ் வேட்பாளருக்கு, 2 இன்னொரு சிறு வேட்பாளருக்கு, 3 மற்றுமொரு சிறு வேட்பாளருக்கு. பார்க்க நியாயமாகத் தெரியும். முதல் எண்ணிக்கை முடிந்ததும் மூவரும் ஒன்றாக நீக்கப்படுவார்கள். கடைசியில் வந்தவர் முதலில், அவருக்கு மேலிருந்தவர் பிறகு என்று படிப்படியாக நீக்கும் முறை இங்கே இல்லை. உங்கள் சீட்டில் மூன்று இலக்கம் இருந்தும் இரண்டாம் எண்ணிக்கையில் அது வெற்றுத்தாள்தான்.

பகிஷ்கரிப்பும் சீட்டைப் பழுதாக்குவதும் பற்றி. இந்தியாவில் 2013 முதல் இருக்கும் நோட்டா போன்ற பொத்தான் எங்கள் சீட்டில் இல்லை. ஆகவே எதிர்ப்பைக் காட்ட விரும்புபவர்கள் வராமல் இருக்கிறார்கள், அல்லது சீட்டில் கிறுக்குகிறார்கள். எந்த எதிர்ப்பும் கணக்கில் நடுநிலையாக இருப்பதில்லை. 'பாதிக்கு மேல்' என்பது செல்லுபடியான வாக்குகளில் பாதி. வராத வாக்கும் பழுதான வாக்கும் அந்தப் பாதியைத் தாழ்த்துகின்றன. முன்னணியில் நிற்பவர் தாண்ட வேண்டிய வேலியைக் குறைத்துக் கொடுக்கின்றன. மூன்றாமவருக்கு இட்ட 1 அந்த வேலியை உயர்த்துகிறது. எதிர்ப்பு என்ற உணர்வில் மூன்றும் ஒன்றாகத் தோன்றலாம். எண்ணிக்கை மேசையில் அவை ஒன்றல்ல.

2005ஆம் ஆண்டுக் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டும். செல்லுபடியானவை 9,717,039. மகிந்த ராஜபக்ஷ 4,887,152, ரணில் விக்கிரமசிங்க 4,706,366, வித்தியாசம் 180,786. யாழ்ப்பாண மாவட்டத்தில் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவு வாக்காளர்களில் வாக்களித்தவர்கள் 1.21 வீதம். அந்தப் புறக்கணிப்பு எவ்வளவு மக்களின் சுயவிருப்பம், எவ்வளவு அச்சம் என்பது எல்லோரும் அறிந்த விடயம். இங்கே சொல்ல வருவது எண்ணிக்கையை மட்டுமே. மகிந்த தவிர்ந்த எவருக்காயினும், வெல்லவே வாய்ப்பில்லாத ஒருவருக்காயினும், மேலதிகமாக 57,265 செல்லுபடியான வாக்குகள் விழுந்திருந்தால் அவர் பாதியைத் தாண்டியிருக்க மாட்டார். இரண்டாம் எண்ணிக்கை வந்திருக்கும். முடிவு மாறியிருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தப் புதிய சீட்டுகளிலும், ஏற்கெனவே சிறு வேட்பாளர்களுக்கு விழுந்திருந்த 123,521 சீட்டுகளிலும் ஒன்றுவிடாமல் ரணிலுக்கு 2 இடப்பட்டிருந்தாலும் இருவரும் சமமாகவே நின்றிருப்பார்கள். ஆனால் 57,265 என்பது 7 இலட்சத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்த வருடம் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் மட்டுமே 109,869.

இரண்டாம் விருப்பம் தமிழர் கையில் பேரம்பேசும் கருவி என்று சிலர் மிகைப்படுத்தியும் எழுதுகிறார்கள். அதுவும் சரியல்ல. 2024இல் முதல் எண்ணிக்கையின் இடைவெளி 1,271,880. சங்குக்கு விழுந்த அத்தனை சீட்டிலும் சஜித்துக்கு 2 இடப்பட்டிருந்தாலும் அனுரவே வென்றிருப்பார். முடிவை மாற்ற, நீக்கப்பட்ட 33 இலட்சம் சீட்டுகளும் இலக்கமிடப்பட்டு, அவற்றில் நூற்றுக்கு 69க்கு மேல் சஜித்துக்குப் போயிருக்க வேண்டும். இடைவெளி ஒன்றிரண்டு இலட்சமாக இருக்கும் தேர்தலில்தான் தமிழரின் 2க்கு விலை உண்டு. அந்த விலையைக் கேட்பதானால் வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பே, எழுத்தில், பகிரங்கமாகக் கேட்க வேண்டும். தேர்தலுக்கு முதல் வாரம் அறிக்கை விடுவதால் பயனில்லை. அரச ஊழியர்களின் தபால்மூல வாக்குகள் தேர்தல் தினத்துக்கு வெகு முன்னரே இடப்பட்டு, முத்திரை வைக்கப்பட்டுவிடும். அறிக்கை வரும்போது அந்தச் சீட்டுகளில் இரண்டாம் இடம் வெறுமையாகவே இருக்கும். இடையில் விலகிக்கொள்வதாக அறிவிக்கும் வேட்பாளர்களின் பெயரும் சீட்டில் அப்படியே இருக்கும். அவருக்கு இடும் 1 அவர் கணக்கிலேயே விழும், அவர் ஆதரிப்பவரின் கணக்கில் அல்ல.

எஞ்சிய இருவரில் ஒருவரையும் மனம் ஒப்பவில்லை என்று 2ஐ வெறுமையாக விடுபவர்களை நாங்கள் குறைசொல்லவில்லை. அது தெரிந்து எடுத்த முடிவு. தெரியாமல் விடப்படுவதுதான் எங்கள் கவலை.

இனி, சாவடியில் நடக்கும் பிழைகள். 2024இல் நிராகரிக்கப்பட்டவை 300,300. 1 இல்லாமல் 2 அல்லது 3 மட்டும் இட்ட சீட்டு செல்லாது. இருவருக்கு 1 இட்டாலும், இருவருக்குப் புள்ளடி இட்டாலும் செல்லாது. புள்ளடியையும் இலக்கத்தையும் ஒரே சீட்டில் கலக்கவே வேண்டாம்: இரண்டாம் விருப்பம் காட்ட நினைப்பவர் முதலிலேயே 1 என்று எழுத வேண்டும். பழக்கதோஷத்தில் புள்ளடி இட்டுவிட்டுப் பிறகு 2ஐத் தேடுவதுதான் நாங்கள் அதிகம் அஞ்சும் பிழை. இலக்கங்களை எழுத்தில் எழுதாதீர்கள். பெயரோ கையொப்பமோ உங்களை அடையாளம் காட்டும் வேறெதுவுமோ வேண்டாம். கை தவறிவிட்டால் சீட்டைப் பெட்டியில் போடாமல் தலைமைதாங்கும் அலுவலரிடம் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டுக் கேட்கலாம். சட்டம் அதற்கு இடமளிக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. 38 பேர் போட்டியிட்ட சீட்டின் நீளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பெயர்கள் சிங்கள அகரவரிசையில் வருவதால் தமிழ்க் கண்ணுக்கு வரிசை பிடிபடாது. மூன்று சின்னங்களையும் வீட்டிலேயே மனதில் பதித்துக்கொண்டு போவதே வழி.

இன்னொரு குழப்பமும் உண்டு. பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடியிட்ட பின் மூன்று வேட்பாளர்களுக்கு இடும் விருப்பு வாக்குக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அங்கே மூன்றும் சம பெறுமதி, வரிசை கிடையாது. கட்சிக்கு இட்ட வாக்கு வீணானால் அதை இன்னொரு கட்சிக்கு மாற்ற வழியும் கிடையாது. 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி 24.85 வீத வாக்குகளோடு ஆறு ஆசனங்களில் மூன்றைப் பெற்றது. முதலிடம் பெறும் கட்சிக்குக் கிடைக்கும் போனஸ் ஆசனமும், தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் வாக்குகளைத் தமக்குள் துண்டாடிக்கொண்டதும் அதற்குக் காரணங்கள். கொள்கையா குறைந்த தீமையா என்ற கேள்வி கூர்மையாக எழுவது அந்தச் சீட்டில்தான். அதை வேறொரு கடிதத்தில்தான் பேச முடியும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஜனாதிபதித் தேர்தல் அறிவிக்கப்பட்டதும், கற்பனைப் பெயர்களும் சின்னங்களும் கொண்ட மாதிரிச் சீட்டு ஒன்றை முதற்பக்கத்தில் வெளியிடுங்கள். செல்லும் சீட்டு நான்கு: புள்ளடி மட்டும் இட்டது; 1 மட்டும் இட்டது; 1உம் 2உம் இட்டது; 1, 2, 3 மூன்றும் இட்டது. செல்லாத சீட்டு நான்கு. தபால்மூல வாக்களிப்புக்கு முதல் ஞாயிறு ஒரு தடவை, தேர்தலுக்கு முதல் ஞாயிறு ஒரு தடவை. எந்த வேட்பாளரின் கட்டவுட்டும் அந்தப் பக்கத்தில் வேண்டாம். கட்சிகள் தங்கள் துண்டுப்பிரசுரத்தில் தங்களுக்குரிய 1ஐ மட்டுமே அச்சிடும். 2ஐ அச்சிடப் பத்திரிகைகளை விட்டால் எங்களுக்கு வேறு ஆளில்லை.

இங்ஙனம்,
தேர்தல் கடமைகளிலிருந்து ஓய்வுபெற்ற அலுவலர்கள் சிலர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.